பழைய டிவிடியும் கைபேசி வீடியோவும்: ஃபார்மட் மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு அலமாரியில் கிடக்கும் கல்யாண டிவிடி, கைபேசியில் எடுத்த காதுகுத்து, பழைய விசிடியில் இருக்கும் தாத்தாவின் சஷ்டியப்த பூர்த்தி போன்ற சொந்தப் பதிவுகளுக்கான பக்கம் இது. கடையில் வாங்கிய திரைப்பட டிவிடிகளின் பூட்டை உடைப்பது பற்றி இங்கே எதுவும் இல்லை. கீழே சொல்லப்படும் மென்பொருள்களைக் காசில்லாமல் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றையும் அதனதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

இரண்டுமே எம்பி4 கோப்புதான். ஒன்று டிவியில் ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை. ஏன்?

எம்பி4 என்பது டப்பாவின் பெயர். உள்ளே இருப்பது சாம்பார் சாதமா தயிர் சாதமா என்று மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி எல்லாமே அப்படித்தான். உள்ளே படம் ஒரு கோடெக்கிலும் (கோடெக் என்பது சுருக்கும் முறை) ஒலி வேறொரு கோடெக்கிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். டிவிக்குத் தெரிய வேண்டியது அந்தக் கோடெக்தான். 2003இல் வந்த எச்.264 கிட்டத்தட்ட எல்லாக் கருவியிலும் ஓடும். 2013இல் வந்த எச்.265, அதே தரத்தைக் குறைந்த இடத்தில் தரும். ஆனால் பழைய டிவிக்கும் பழைய லேப்டாப்புக்கும் அது புரியாது. 2018இல் வந்த ஏவி1 கோடெக்கை இன்னும் குறைவான கருவிகளே படிக்கின்றன.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருள் போதும். கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டு ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: படக் கோடெக் (எச்.264 என்றால் ஏவிசி என்றும், எச்.265 என்றால் எச்இவிசி என்றும் காட்டும்), பிட் ஆழம் (நிறத்தின் நுணுக்கம், 8 அல்லது 10), ஃபிரேம்ரேட் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நிலையானதா மாறுவதா, ஸ்கேன் வகை (இன்டர்லேஸா இல்லையா, கீழே விளக்கம் இருக்கிறது), ஒலிக் கோடெக். கீழே வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும். இதைப் பார்க்காமல் கன்வெர்ட் பொத்தானை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முறை மறுபடி சுருக்கும்போதும் படத்தில் கொஞ்சம் போகும், போனது திரும்பாது.

எம்கேவியை எம்பி4 ஆக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. இவ்வளவு ஆகுமா?

உள்ளே எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அங்கே தேவைப்படுவது டப்பா மாற்றம் மட்டும். அதற்கு ரீமக்ஸ் என்று பெயர். படத்தைத் தொடாமல் அப்படியே எடுத்து வேறு டப்பாவில் வைப்பதால் தரம் துளியும் குறையாது.

அவிடெமக்ஸ் என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து, இடதுபுறம் வீடியோ அவுட்புட் 'காப்பி', ஆடியோ அவுட்புட் 'காப்பி', அவுட்புட் ஃபார்மட் 'எம்பி4 மக்ஸர்' என்று வைத்துச் சேமியுங்கள். லாஸ்லெஸ்கட்டிலும் இதைச் செய்யலாம். ஹேண்ட்பிரேக்கில் முடியாது. அது எதைக் கொடுத்தாலும் படத்தை முழுக்க மறுபடி சுருக்கும். நல்ல மென்பொருள்தான், இந்த வேலைக்கு மட்டும் பொருந்தாது.

கமாண்டு எழுதிப் பழகியவர்கள் நேராக எஃப்எஃப்எம்பெக்கில் செய்யலாம். மேலே சொன்ன மென்பொருள்களுக்குள்ளும் 2000இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நிரல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

மீடியாஇன்ஃபோவில் ஒலிக் கோடெக்கைப் பாருங்கள். டிடிஎஸ் என்று இருந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். எடுத்துக்காட்டாக, 2018 முதல் வந்த சாம்சங் டிவிகள் டிடிஎஸ் ஒலியை எடுப்பதில்லை. பழைய பட்டன் கைபேசியின் 3ஜிபி கோப்பு என்றால் உள்ளே ஏஎம்ஆர் ஒலி இருக்கும். அதையும் பல டிவிகள் கண்டுகொள்வதில்லை.

படத்தைத் தொட வேண்டாம். அவிடெமக்ஸில் வீடியோவுக்கு 'காப்பி', ஆடியோவுக்கு மட்டும் ஏஏசி என்று மாற்றுங்கள். இரண்டு சேனல் ஒலிக்கு 160 முதல் 192 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்) போதும். ஹோம் தியேட்டருக்குப் போகும் ஆறு சேனல் ஒலி என்றால் ஏசி-3 தேர்ந்தெடுத்து 448 அல்லது 640 வையுங்கள்.

ஐபோனில் எடுத்தது கம்ப்யூட்டரில் ஓடவில்லை. சில சமயம் காப்பி ஆகவே மறுக்கிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் எச்.265இல் பதிவு செய்கின்றன. விண்டோஸின் சொந்த பிளேயர் அதற்குத் தனி நீட்சி கேட்கும். விஎல்சி எதுவும் கேட்காமல் ஓட்டும். பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் விஎல்சி போட்டுக்கொண்டு கோப்பை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய டிவிக்கு வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக்கில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற தயார் அமைப்பு எச்.264 கொடுக்கும்.

கேபிள் போட்டு விண்டோஸுக்கு மாற்றும்போது 'கருவி இயங்கவில்லை' என்ற பொருளில் பிழை வந்தால், கைபேசி போகிற போக்கில் கோப்பை மாற்ற முயன்று தடுக்கி விழுகிறது என்று அர்த்தம். ஃபோட்டோஸ் அமைப்புகளின் கடைசியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' இருக்கும். அதை 'கீப் ஒரிஜினல்ஸ்' ஆக்குங்கள்.

இனி எடுப்பவை எச்.264இல் வேண்டுமென்றால் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தெடுங்கள். 4கே 60 ஃபிரேம், எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் பதியும் முறை) போன்றவை எச்.265இல்தான் பதிவாகும். சாதாரண டிவியில் முகமெல்லாம் வெளிறிச் சாம்பல் பூசியதுபோல் தெரிகிறது என்றால் பெரும்பாலும் எச்டிஆர்தான் காரணம். ரெக்கார்ட் வீடியோ பகுதியில் அதை அணைத்துவிட்டு எடுங்கள்.

கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டருக்கு எப்படி மாற்றுவது?

பலரும் டிஸ்க்கைத் திறந்து வீடியோ_டிஎஸ் ஃபோல்டரில் இருக்கும் விஓபி கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். இங்கேதான் தவறு தொடங்குகிறது. டிவிடி விதிப்படி ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பதால் ஒரே நிகழ்ச்சி நாலைந்து துண்டாகக் கிடக்கும். தாலி கட்டும் நேரத்தில்கூடத் துண்டு விழுந்திருக்கலாம். தனித்தனியாக மாற்றி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஒலி தாவும்.

முதலில் டிஸ்க் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வையுங்கள். இம்க்பர்ன் மென்பொருளில் 'ரீட்' முறை இதற்குத்தான். ஒற்றை அடுக்கு டிஸ்க் என்றால் அதிகபட்சம் 4.7 ஜிபி. டிவிடி-ஆர் டிஸ்க்கில் தகவல் பதிந்திருப்பது சாயப் பூச்சு ஒன்றில், அது காலப்போக்கில் மங்கும். இன்று படிக்கும் டிஸ்க் அடுத்த ஆண்டு படிக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அடுத்து ஹேண்ட்பிரேக்கில் அந்த ஐஎஸ்ஓவை, அல்லது வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் முழுவதையும், திறவுங்கள். மேலே 'டைட்டில்' என்ற பட்டியலைக் கட்டாயம் விரித்துப் பாருங்கள். ஸ்டுடியோக்காரர்கள் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று தனித்தனி டைட்டிலாகப் போட்டிருப்பார்கள். ஹேண்ட்பிரேக் ஒன்றைத்தான் தானாகத் தேர்ந்தெடுக்கும். வரவேற்பை மட்டும் மாற்றிவிட்டு முகூர்த்தம் அடங்கிய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு டைட்டிலையும் 'ஆட் டு க்யூ' போடுங்கள்.

அமைப்புகள்: படம் எச்.264, 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' ஆர்எஃப் 18. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். டிவிடி தரத்துக்கு 18 முதல் 22 வரை சரி. வீட்டுப் பதிவு என்றால் 18க்கே போங்கள். என்கோடர் பிரிசெட் 'ஸ்லோ'. ஒலி ஏஏசி 192. விஎச்எஸ் கேசட்டிலிருந்து டிவிடிக்கு வந்த பதிவு என்றால் படத்தின் அடிவிளிம்பில் சில கோடுகள் நெளிந்துகொண்டே இருக்கும். அது கேசட் தலை மாறும் இடம். 'டைமென்ஷன்ஸ்' தாவலில் கீழ்ப்பக்கம் 8 முதல் 12 கோடு வெட்டினால் போய்விடும்.

மாற்றவே வேண்டாம், டிவிடியில் இருப்பது அப்படியே ஒரே கோப்பாக வேண்டும் என்பவர்களுக்கு மேக்எம்கேவி இருக்கிறது. டிவிடியின் எம்பெக்-2 கோடெக் படத்தைத் தொடாமல் எம்கேவி டப்பாவில் வைத்துக் கொடுக்கும். காப்பகத்துக்கு இதுவே சிறந்தது என்பது எங்கள் கருத்து. டிவிக்கும் உறவினருக்கும் அனுப்ப மட்டும் எச்.264 நகல் போதும்.

அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிகிறதே?

அட்சதை தூவும் கையையோ தவில் வித்வானின் விரல்களையோ நிறுத்திப் பாருங்கள். கையின் ஓரம் ஒரு கோடு இங்கே, ஒரு கோடு அங்கே என்று பிரிந்து நிற்கும். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் சரியாகவே தெரிவார். இது இன்டர்லேஸ். குழாய் டிவி காலத்தில் ஒரு ஃபிரேமின் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படைக் கோடுகள் ஐம்பதில் ஒரு பங்கு நொடி கழித்தும் பதிவாயின. இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 50 அரை ஃபிரேம்.

இந்தக் கோட்டோடு சேர்த்து மறுபடி சுருக்கிவிட்டால் பிறகு எடுப்பது மிகக் கடினம். ஆகவே மாற்றும்போதே எடுத்துவிட வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் 'ஃபில்டர்ஸ்' தாவலில் டீஇன்டர்லேஸ் 'பிடபிள்யூடிஃப்', அதன் பிரிசெட் 'பாப்'; 'வீடியோ' தாவலில் ஃபிரேம்ரேட் 50, 'கான்ஸ்டன்ட்'. பாப் ஒவ்வொரு அரை ஃபிரேமையும் முழு ஃபிரேமாக்குவதால் அசைவு அந்தக் காலத்து டிவியில் பார்த்த அதே வழவழப்போடு வரும். சாதாரண அமைப்பில் 25 ஃபிரேம்தான் கிடைக்கும், அசைவில் பாதி போய்விடும். மாற்றிய பிறகு படம் முன்னும் பின்னும் நடுங்கினால் அரை ஃபிரேம்களின் வரிசை தலைகீழாகப் போயிருக்கிறது. ஃபில்டரின் 'கஸ்டம்' பகுதியில் வரிசையை மாற்றிப் பாருங்கள்.

முகமெல்லாம் ஒல்லியாக, அல்லது சப்பையாகத் தெரிகிறது.

பால் டிவிடியின் படம் 720க்கு 576. ஆனால் அதன் பிக்சல் சதுரம் அல்ல. பழைய 4:3 படம் 768க்கு 576 ஆகவும், அகலத்திரைப் படம் 1024க்கு 576 ஆகவும் விரிந்து தெரிய வேண்டும். அனமார்ஃபிக் அமைப்பை 'ஆட்டோமேட்டிக்'கில் விட்டால் ஹேண்ட்பிரேக் பார்த்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை மதிக்காத டிவி என்றால் அனமார்ஃபிக்கை அணைத்து மேற்சொன்ன அளவையே கொடுத்துவிடுங்கள்.

டிவிடியை 4கே ஆக்கித் தருவதாகச் சொல்கிறார்களே?

720க்கு 576 என்றால் 4,14,720 புள்ளிகள். முழு எச்டியில் சரியாக அதன் ஐந்து மடங்கு, 4கேயில் இருபது மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் இல்லாத பத்தொன்பது புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. செயற்கை நுண்ணறிவு கொண்டு ஊகித்தால் பாட்டியின் முகத்தில் பாட்டிக்கு இல்லாத கண்ணிமையும் பல்வரிசையும் வரும். ஆசைக்கு ஒரு நகல் செய்துகொள்ளலாம், ஆனால் மூலத்தின் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது, படிக்க மாட்டேன் என்கிறது.

மென்மையான பருத்தித் துணியை லேசாக நனைத்து, நடு ஓட்டையிலிருந்து வெளிவிளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே விழும், அதை டிரைவின் பிழைதிருத்தத்தால் சரிசெய்ய முடியாது. பிறகு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது சகஜம். லினக்ஸ் தெரிந்தவர்கள் டிடிரெஸ்க்யூ பயன்படுத்தலாம். படிக்க முடிந்ததை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும்.

கேம்கார்டரில் நேரடியாகப் பதிவான சிறு டிவிடி வெற்று டிஸ்க்காகத் தெரிந்தால் அது ஃபைனலைஸ் செய்யப்படாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல், இருக்கலாம். பதிவு செய்த அதே கேம்கார்டரில் போட்டு ஃபைனலைஸ் கொடுங்கள். ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள்.

விசிடியில் எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள் டேட் கோப்பு இருக்கும். படம் 352க்கு 288தான். டேட்டா சிடியில் இருக்கும் பிழைதிருத்தத் தகவலின் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் விசிடியில் படத்துக்கு இடம் பிடித்தார்கள். அதனால் சிறு கீறலும் கட்டம் கட்டமாகத் தெரியும். சாதாரணமாகக் காப்பி ஆகாவிட்டால் விஎல்சியில் 'ஓபன் டிஸ்க்' பகுதியில் விசிடி தேர்ந்தெடுத்து, அங்கிருந்தே 'கன்வெர்ட்' கொடுங்கள்.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகிறது.

படத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் ஒவ்வொரு இடம் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் எளிது. விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 50 மில்லிநொடி நகர்த்தும். எத்தனை அழுத்தத்தில் ஒட்டுகிறது என்று எண்ணி, அவிடெமக்ஸில் 'ஷிஃப்ட்' பெட்டியில் அந்த மில்லிநொடியைக் கொடுத்து, மற்றவற்றை 'காப்பி'யில் வைத்துச் சேமியுங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் மீடியாஇன்ஃபோவில் 'வேரியபிள்' என்று ஃபிரேம்ரேட் காட்டும். கைபேசிகள் வெளிச்சம் குறையும்போது ஃபிரேமைக் குறைத்துப் பதிவு செய்யும். மண்டபத்து வெளிச்சத்தில் 30, மாலை ஊர்வலத்தில் 24 என்று மாறும். எடிட்டிங் மென்பொருள் இதை நிலையான வேகம் என்று எண்ணிக் கணக்கிடுவதால் விலகல் வருகிறது. எடிட் செய்யும் முன் ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்', ஆர்எஃப் 16 வைத்து ஒரு முறை ஓட்டிவிட்டு அந்தக் கோப்பை எடிட்டருக்குக் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு மட்டும் விலகினால் அங்கே டிஸ்க் கீறலோ தவறான வெட்டோ இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டாகப் பிரித்துப் பின்பாதியை மட்டும் நகர்த்த வேண்டும்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக, அல்லது கேள்விக்குறியாக வருகிறது.

கட்டம் என்றால் எழுத்துரு இல்லை, கேள்விக்குறி என்றால் எழுத்தே போய்விட்டது. நோட்பேடில் சப்டைட்டில் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பைத் திறந்து 'ஆன்சி' முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகி நிலைத்துவிடும். அதை மீட்க வழியில்லை, மூலக் கோப்பைத் தேட வேண்டும். எப்போதும் 'சேவ் ஆஸ்' கொடுத்து என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வையுங்கள். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து குழம்பித் தெரிந்தால் அது பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கம். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

கம்ப்யூட்டரில் சரியாக வந்து டிவியில் மட்டும் 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறினால், அந்த டிவிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. டிவியைத் திருத்த முடியாது. ஹேண்ட்பிரேக்கில் 'சப்டைட்டில்ஸ்' தாவலில் எஸ்ஆர்டியைச் சேர்த்து, யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, 'பர்ன் இன்' குறியிடுங்கள். எழுத்து படத்தோடு படமாகப் பதிந்துவிடும். பிறகு அணைக்க முடியாது என்பதால் சப்டைட்டில் இல்லாத பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவின்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. கோப்பு 3 ஜிபி இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை.

எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எம்பி4 வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதும். 'மூவ் ஆட்டம் (moov atom) இல்லை' என்ற பிழையின் பொருள் இதுதான். படம் உள்ளே இருக்கிறது, அட்டவணை இல்லை. அந்த மெமரி கார்டில் வேறு எதையும் பதிவு செய்யாதீர்கள். முதலில் கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டு இயக்குங்கள். சில கேமராக்கள் தாமே சரிசெய்ய முன்வரும். இல்லையென்றால் அன்ட்ரங்க் என்ற மென்பொருள் இருக்கிறது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததன் அட்டவணையைக் கட்டும். மாதிரி வேறு ரெசல்யூஷனில் இருந்தால் வேலை செய்யாது.

கம்ப்யூட்டர் திரையைப் பதியும் ஓபிஎஸ் மென்பொருளில் பதிவு செய்பவர்கள் எம்கேவியில் பதிவு செய்து, முடிந்ததும் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுப்பது நல்லது. மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது நிற்கும்.

மாற்றிய கோப்பு மூலத்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

ஆர்எஃப் முறை அளவைப் பார்க்காது, தரத்தை மட்டும் காக்கும். கேசட்டின் புள்ளி இரைச்சலையும் அது விவரம் என்று எண்ணிக் கவனமாகக் காப்பாற்றும். ஆர்எஃப்பை இரண்டு கூட்டுங்கள், அல்லது 'ஃபில்டர்ஸ்'ஸில் டீநாய்ஸ் என்ற இரைச்சல் நீக்கியில் என்எல்மீன்ஸ் 'லைட்' போடுங்கள். அதைவிடக் கூட்டினால் பட்டுப்புடவையின் ஜரிகை மெழுகுபோல் வழியும்.

குறிப்பிட்ட அளவுக்குள் வேண்டுமென்றால் கணக்கு இதுதான்: மெகாபைட்டை 8ஆல் பெருக்கி நொடியால் வகுத்தால் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று வரும். 3 நிமிட வீடியோ 16 மெகாபைட்டுக்குள் என்றால் 0.71 மெகாபிட். ஒலிக்கு 96 கேபிபிஎஸ் ஒதுக்கினால் படத்துக்கு 600. அதற்கு 480 கோட்டுக்கு மேல் போகாதீர்கள், 'மல்டி-பாஸ்' குறியிடுங்கள். வாட்ஸாப்பில் தரம் குறையாமல் போக வேண்டுமென்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். டாக்குமென்டாக இணைத்தால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

பென் டிரைவில் இடம் இருக்கிறது, கோப்பு பெரியது என்று மறுக்கிறது.

பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கிறது. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், மாற்றினால் உள்ளே இருப்பது அழியும். எக்ஸ்ஃபேட் தெரியாத பழைய டிவி என்றால் லாஸ்லெஸ்கட்டில் கோப்பை இரண்டாக வெட்டுங்கள்.

ஒலி வருகிறது, திரை பச்சையாக இருக்கிறது.

விஎல்சி அமைப்புகளில் 'இன்புட்/கோடெக்ஸ்' போய் ஹார்ட்வேர் டீகோடிங்கை 'டிஸேபிள்' செய்யுங்கள். படம் வந்துவிட்டால் கோளாறு கோப்பில் இல்லை, கிராஃபிக்ஸ் டிரைவரில். கோடெக் பேக் எதையும் தேடி நிறுவாதீர்கள். விஎல்சிக்குத் தேவையானது அதனுள்ளேயே இருக்கிறது.

கிராஃபிக்ஸ் கார்டு கொண்டு மாற்றினால் வேகமாக முடிகிறது. அதையே பயன்படுத்தலாமா?

அனுப்பி வைக்கும் நகலுக்குத் தாராளமாக. அதே அளவுக் கோப்பில் சிபியூவின் 'ஸ்லோ' பிரிசெட் கூடுதல் விவரம் தாங்கும் என்பதால், வைத்துக்கொள்ளும் பிரதியை இரவு முழுக்க ஓடவிட்டாவது சிபியூவில் செய்யுங்கள்.

மாற்றி முடித்ததும் மூலத்தை அழித்துவிடலாமா?

மீடியாஇன்ஃபோவில் இரண்டின் கால அளவையும் ஒப்பிடுங்கள். ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம் மூன்றையும் ஹெட்ஃபோனோடு பாருங்கள். பாதியில் நின்றுபோன கோப்பும் முதல் பத்து நிமிடம் நன்றாகவே ஓடும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஐஎஸ்ஓவையோ கைபேசியின் மூலக் கோப்பையோ அழிக்காதீர்கள். ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் என்று வையுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, நிகழ்ச்சி, ஊர் மூன்றும் இருக்கட்டும். 'நியூ வீடியோ 2' என்ற பெயரில் யாருக்கும் எதுவும் கிடைக்காது.